அக்கா நேர்ந்துவிட்ட முழங்கால்

1

ஒரு காலில் பூட்ஸும் இன்னொரு காலில் வெறும் சாக்ஸுமாக நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. சுவீடனின் கோத்தன்பர்க்கில் ஜனவரி மாதக் காலை என்றால் கும்மிருட்டு. மயிலாப்பூரில் அதே நேரத்துக்கு வெயில் ஏறியிருக்கும், லில்லி அக்கா பூசைக்குப் போய்விட்டு வந்து இரண்டாவது காபியும் குடித்து முடித்திருப்பாள். அந்தத் தெம்பில்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"ரெஜி, இன்னையோட ஒரு வருஷம் ஆச்சு. மெழுகுவத்தி ஏத்துனியா?"

"எதுக்குக்கா?"

"எதுக்கா? அடிப்பாவி! உன் முதுகுக்குத்தான். நான் காலையிலயே ஏத்திட்டேன்."

"அப்புறம் என்ன, எனக்கும் சேத்துதானே ஏத்தியிருப்ப."

"வாய் மட்டும் குறையல. வலி எப்படியிருக்கு? உண்மையச் சொல்லு."

அக்கா ரிட்டயர் ஆகும்வரை கணக்கு டீச்சர். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக் குரலிலேயே பிடித்துவிடுவாள். அவளிடம் சட்டென்று பொய் சொல்ல எனக்கு வராது. "பஸ் போயிடும்க்கா, சாயந்திரம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். சாயந்திரம் என்ன பேசினோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் முதுகின் கதையைக் கேட்டாக வேண்டும்.

2

நான் இங்கே டிராம் ஓட்டுகிறேன். ஊரில் சொன்னால் இன்னும் சிலர் நம்புவதில்லை. வந்த புதிதில் முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்தேன், பிறகு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தேன். பாஷை கொஞ்சம் பிடிபட்டதும் டிராம் ஓட்டும் பயிற்சிக்கு எழுதிப்போட்டேன். கிடைத்தது. அன்றைக்குச் சமையலறையில் எல்லோருக்கும் ரவா கேசரி கிளறிக் கொடுத்தேன்.

அந்த இருக்கை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இந்த ஊரில் எங்கே போனாலும் "நீங்கள் எந்த நாடு?" என்று கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள், ஆனாலும் கேட்பார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் ஒருவரும் கேட்பதில்லை. வண்டி நேரத்துக்கு வந்ததா என்பது மட்டும்தான் அவர்களுக்குக் கவலை. ஒரு ஊரையே முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிற சுகத்தைச் சொல்லி மாளாது.

அந்த முதுகுதான் காலை வாரியது.

முதலில் எழுந்திருக்கும்போது ஒரு பிடிப்பு. பிறகு பின்கண்ணாடி பார்க்கத் திரும்பினால் ஒரு இழுப்பு. அப்புறம் உட்கார்ந்தாலே வலி, நின்றாலும் வலி, மல்லாக்கப் படுத்தால் கொஞ்சம் பரவாயில்லை. மல்லாக்கப் படுத்துக்கொண்டு டிராம் ஓட்ட முடியாது. மூன்று வருடம் இப்படியே ஓடியது.

இங்கே வைத்தியம் பார்ப்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. காலையில் போன் செய்தால் ஒரு இயந்திரம், "உங்களை மதியம் திரும்ப அழைப்போம்" என்று சொல்லும். சொன்னபடி அழைப்பார்கள், அதைக் குறை சொல்லக் கூடாது. அழைக்கிற நேரத்தில் நான் ஏதாவது பாலத்தின் மேல் வண்டியில் இருப்பேன். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக ஆள் கிடைத்தால், "பாராசிட்டமால் போடுங்கள், நிறைய நடங்கள்" என்பார்கள். வலிக்கென்றே இருக்கும் சிறப்புப் பிரிவுக்குக் கடிதம் போயிற்று. கடிதம் போயிருக்கிறது என்று எனக்கும் ஒரு கடிதம் வந்தது.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் அங்கேதான் நான் திணறுவேன். சுவீடிஷ் மொழியில் எனக்குத் தெரிந்தது "வலிக்கிறது", "ரொம்ப வலிக்கிறது", அவ்வளவுதான். சுருக்கென்று குத்துவது, விண்விண் என்று தெறிப்பது, உள்ளுக்குள் குடைவது, நின்றால் பிடித்து இழுப்பது, இதையெல்லாம் எங்கே போய்த் தேடுவேன்? கையால் ஸ்க்ரூ முடுக்குவதுபோல் நடித்துக் காட்டினேன். நர்ஸ் பாவம், வீட்டில் அலமாரி மாட்டினீர்களா என்று கேட்டாள்.

மகள் அனி வேறு ஊரில் படிக்கிறாள். போனில் தமிழ் பேசினால் சாப்பாடு சம்பந்தமாக மட்டும் பேசுவாள். மற்றதற்கெல்லாம் சுவீடிஷ்தான். "அம்மா, உன் வலியோட நீ சண்டை போடுற. அதை ஏத்துக்கிட்டியா?" என்று அவள் பாஷையில் கேட்டாள். மூச்சுப் பயிற்சி வீடியோ ஒன்றும் அனுப்பினாள், கூடவே மூன்று இதயம். பெற்ற பிள்ளை கேட்கிறதே என்று கண்ணை மூடி வலியை ஏற்றுக்கொண்டு பார்த்தேன். வலி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கடைசியில் கம்பெனி டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். நல்ல மனுஷன், சொல்லும்போது அவருக்கே முகம் வாடியது. எனக்கு மிச்சமிருக்கும் விடுமுறை முடிந்து வந்து முழு ஷிஃப்டும் உட்கார்ந்து ஓட்ட முடிந்தால் ஓட்டலாம். முடியாவிட்டால் தொலைந்த பொருள் கவுண்டரில் நிரந்தரமாக வேலை. சம்பளம் அதேதான் என்றார். என் மீதிக் காலத்தை மற்றவர்கள் மறந்துவிட்டுப் போன குடைகளோடு கழிப்பதை நினைத்தேன்.

டிக்கெட் போட்டுச் சென்னைக்குப் பறந்தேன்.

3

அடையாறில் வலிக்கென்றே ஒரு க்ளினிக். லில்லி அக்கா நான் வருவதற்கு முன்பே போய் டோக்கன் போட்டு, டாக்டர் எப்படி, கூட்டம் எப்படி, லிஃப்ட் வேலை செய்கிறதா என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். லிஃப்ட்டை விசாரித்தது எனக்காக இல்லை. அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் வருடக்கணக்காகிறது. வாசல்படியில் ஒரு காலை வைத்து, அதே படியில் அடுத்த காலையும் வைத்துத்தான் ஏறுவாள். கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது இவள் மட்டும் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். டாக்டரிடம் காட்டச் சொன்னால், "எனக்கு என்னடி கேடு, வயசுக்கு வர்றதுதான்" என்பாள்.

சென்னையில் நோயாளி தனியாகப் போவதில்லை. கூட வந்தவர்தான் முக்கியம். நர்ஸ் "எப்போலேருந்து வலி?" என்று கேட்டதும் நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "மூணு வருஷமா. சொல்ல மாட்டா. நான்தான் மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சேன்" என்றாள். நான் இருந்தது சுவீடனில், அவள் மூஞ்சியைப் பார்த்தது வீடியோ காலில்.

காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் ஒரு மாமி. மாம்பலத்திலிருந்து வந்தவர். பை நிறைய பழைய ஸ்கேன்கள்.

"உங்களுக்கா, இவாளுக்கா?" என்று அக்காவைக் கேட்டார்.

"தங்கச்சிக்கு. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா, முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

"நேக்கு இடுப்பு. நான் சுட்டுண்டாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமி சிரித்தார். "பயப்படாதேங்கோ. ஊசி மாதிரி ஒண்ணு உள்ள விட்டு, வலியைச் சொல்ற நரம்பைச் சூடு காட்டிடறா. அது வாயை மூடிண்டுடும். ஒன்றரை வருஷம் ஜம்முனு இருந்தேன். பேத்தி கல்யாணத்துல ஓடியாடிண்டிருந்தேன். இப்போ நரம்பு மறுபடி வளர்ந்துடுத்து. அதான் திரும்பச் சுட்டுக்க வந்திருக்கேன்."

முடிவெட்டிக்கொள்ள வந்தவர்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

உள்ளே டாக்டரம்மா என் வலியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். குடையுது, எழுந்தா சுருக்குங்குது, பின்னால சாஞ்சா பிடிச்சு இழுக்குது, கால் வரைக்கும் போகல, பிட்டத்தோட நிக்குது. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டே வந்தார். அலமாரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பாதி வலி அங்கேயே குறைந்தது.

பிறகு வைத்தியங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பயிற்சி, அது எப்படியும் வேண்டும். நரம்பு வலிக்கான மாத்திரை, ஆனால் தூக்கம் வரும், வண்டி ஓட்டுகிறவருக்கு யோசிக்க வேண்டும். ஆபரேஷன் எனக்குத் தேவைப்படாது. முதுகெலும்பின் சின்ன மூட்டுகளிலிருந்து வலி வருவதாகத் தெரிந்தால், மாமி சொன்ன அந்தச் சூடு. தி.நகர் கடையில் சேலை விரிக்க விரிக்க அடுத்ததைக் காட்டச் சொல்வதுபோல அக்கா ஒவ்வொன்றுக்கும், "வேற?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேற இல்லம்மா, இவ்வளவுதான்" என்றார் டாக்டர். "முதல்ல ஒரு சோதனை. அந்த நரம்பு மேல மரத்துப்போற மருந்து போடுவோம். சாயந்திரம் வரைக்கும்தான் வேலை செய்யும். இது வைத்தியம் இல்ல. அந்த நேரத்துல வழக்கமா எதைச் செஞ்சா வலிக்குமோ அதைச் செஞ்சு பாருங்க. வலிக்கலைன்னா, திருடனப் பிடிச்சிட்டோம்னு அர்த்தம். அப்புறம் சூடு வைக்கலாம்."

"வலிச்சா?" என்றேன்.

"அப்போ வேற இடத்துல தேடணும். நேரமாகும்."

எனக்கு இருந்ததோ கொஞ்ச நாள் லீவு. இந்தத் திருடன் அகப்படாவிட்டால் குடைகள்தான்.

4

ஊசி போட்டு முடித்துக் கொஞ்ச நேரம் படுக்கவைத்தார்கள். பிறகு எழுந்து உட்காரச் சொன்னார்கள். வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். கடித்த பல்லுக்கு வேலையே இல்லை. நின்றேன். குனிந்தேன். பின்னால் சாய்ந்தேன். திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

"அக்கா, வலிக்கலக்கா!"

லில்லி அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த நிமிடம் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஆட்டோ! பெசன்ட் நகர் போகணும்ப்பா, மாதா கோயில்."

"இப்போ எதுக்குக்கா கோயிலு?"

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள். "உனக்கு வலி போச்சுன்னா, கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும் உன்ன முட்டி போட்டு நடக்க வைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன்."

"என் முட்டியையா?"

"வேற யார் முட்டிய? உன் வலிதானே?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அதுவுமில்லாம இது சோதனைக்கா. சாயந்திரம் வலி திரும்ப வந்துடும். டாக்டர் சொன்னதக் கேக்கலையா?"

"கேட்டேன். அதான் அதுக்குள்ள முடிச்சிடலாம்னு ஆட்டோ பிடிச்சேன்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமா சொல்றீங்க? முதுகுல ஊசி குத்திக்கினு முட்டி போடப் போறீங்களா? டாக்டருக்குத் தெரியுமா?"

"டாக்டர்தாம்ப்பா சொன்னாங்க, வலிக்கிற மாதிரி எதாவது பண்ணுங்கன்னு" என்றாள் அக்கா.

"நல்ல டாக்டருமா! நம்ம வூட்டாண்ட ஒருத்தர் கீறாரு, தும்முனாக்கூட படுத்துக்கோன்றாரு."

ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் உடம்பை இறுக்கிக்கொண்டேன். பழக்க தோஷம். வண்டி தூக்கிப்போட்டது, முதுகு சும்மா இருந்தது. அடுத்ததில் இறுக்காமல் உட்கார்ந்தேன். அதற்கடுத்த வேகத்தடை எப்போது வரும் என்று எதிர்பார்க்க ஆரம்பித்தேன்.

கோயிலில் மதிய நேரம், கூட்டம் அதிகம் இல்லை. வாசலில் முட்டி போட்டேன். முதல் அடியில் கோபம், இரண்டாவதில் வெட்கம். பாதி தூரம் போனதும் அழுகை வந்தது. துக்கமில்லை. இடுப்பில் பாரமே இல்லாமல் என் உடம்பு எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்தில் அக்கா ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துப் பிடித்து, கூடவே நொண்டிக்கொண்டு வந்தாள். பீடத்தைத் தொட்டதும் என்னைவிட அவளுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது.

வெளியே வந்து ஊரூர் குப்பத்துப் பக்கம் நடந்தோம். மீன் விற்கிற அம்மா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, செவுள் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, சங்கரா மீன் வாங்கினேன். குத்தவைத்து உட்கார்ந்து எத்தனை நாள்! வாங்கி முடித்த பிறகும் எழுந்திருக்க மனசு வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "இன்னும் இன்னா வோணும்?" என்று அந்த அம்மா கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

5

மயிலாப்பூர் வீட்டில் அக்கா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். விளக்கு போடுகிற நேரம். தட்டை நகர்த்தத் திரும்பினேன், சுருக்.

"அக்கா! வந்துடுச்சு!"

அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். "யாரு?"

"வலி! சொன்ன நேரத்துக்கு வந்துடுச்சுக்கா!"

நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மருந்து இருந்தவரை வலி இல்லை, மருந்து இறங்கியதும் வலி. டாக்டர் சொன்னபடி திருடன் அகப்பட்டுவிட்டான். அக்காவுக்கோ முகம் விழுந்துபோயிற்று. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேர்ச்சைய நிறைவேத்துன அன்னைக்கே வந்துடுச்சேடி. மாதாவுக்கு என் மனசுல இருக்கறது தெரிஞ்சுபோச்சு."

"உன் மனசுல என்ன இருக்கு?"

கையிலிருந்த கரண்டியைப் பார்த்தபடி சொன்னாள். "அந்த டிராம் வேலை போச்சுன்னா நீ இங்கேயே வந்துடுவேன்னு எனக்குள்ள ஒரு ஆசை. அனியும் வளந்துட்டா. நீயும் நானும் இந்த வீட்டுல இருக்கலாம்னு. ஆனாலும் மாதாகிட்ட உன் வலி போகணும்னுதான் கேட்டேன். அதை மட்டும்தான் கேட்டேன், சத்தியமா. உள்ள இருக்கற ஆசைய நான் என்னடி பண்ணுவேன்?"

வெங்காயக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். இருவரும் அழுதோம், வெங்காயத்தின் மேல் பழி போட்டோம். அடுப்பில் மீன் கருகியது.

மறுநாள் க்ளினிக்கில் டாக்டர் விசாரித்தார். கூட வந்தவர் முந்திக்கொண்டார். "முட்டி போட்டே நடந்தா டாக்டர். வாசல்லேருந்து பீடம் வரைக்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நான் குனியச் சொன்னேன், உக்காரச் சொன்னேன். முட்டி போடச் சொல்லலையேம்மா!" என்று அக்காவை ஒரு பிடி பிடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வலிச்சுதா?"

"முட்டிதான் வலிச்சுது டாக்டர். இடுப்பு வலிக்கல."

அவர் சிரித்துவிட்டார். "என்கிட்ட வந்த யாரும் இந்த மாதிரி சோதனை பண்ணதில்ல."

6

இன்னொரு முறை அதே சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு சூடு வைத்தார்கள். முதல் சில நாட்கள் எரிச்சல் தாங்கவில்லை. அக்கா டாக்டரையும் மாம்பலம் மாமியையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. சூடு பாதிதான், மீதி பயிற்சி என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்றுவரை தினமும் தரையில் படுத்து இடுப்பைத் தூக்குகிறேன்.

சுவீடன் திரும்பி முழு ஷிஃப்ட் ஓட்டினேன். இறங்கி டிப்போவுக்குள் போனபோது கம்பெனி டாக்டர் எனக்காகவே காத்திருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொலைந்த பொருள் கவுண்டர் பக்கம் போய், வேண்டுமென்றே எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். குடைகள் அங்கேயே இருந்தன, நான் இல்லாமல். ஒரு வருடம் ராணிபோல ஓட்டினேன்.

இன்று ஷிஃப்ட் முடிந்து வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"சொல்லு" என்றாள். காலையில் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"லேசா தலைகாட்டுதுக்கா. ரெண்டு வாரமா. எழுந்துக்கும்போது."

"வளந்துடுச்சா நரம்பு?"

"வளந்திருக்கும். ஓட்ட முடியுது, ஆனா ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது. டாக்டரம்மாவுக்கு எழுதிட்டேன், வாங்க பாக்கலாம்னு சொன்னாங்க. ஈஸ்டருக்கு வரேன்."

"வா, வா. திரும்பச் சுட்டுக்கலாம்" என்றாள், மாமியைவிடச் சாதாரணமாக.

"ஒண்ணு சொல்லிட்டேன், இந்தத் தடவை என் முட்டிய நேந்துவிட்டுடாத."

"விடல."

"அப்பாடா."

"என்னுதுதான். உன் மூஞ்சியப் பாத்தே சந்தேகப்பட்டேன், காலையில மெழுகுவத்தி ஏத்தும்போதே மாதாகிட்ட சொல்லிட்டேன். உனக்குச் சரியாச்சுன்னா வாசல்லேருந்து பீடம் வரைக்கும் நான் வரேன்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன பைத்தியமாக்கா? வீட்டுப் படி ஏறவே உன்னால முடியல. உன்ன யாரு முட்டி போடச் சொன்னது?"

"ரெஜி, நோகாம எதையாவது குடுத்தா அதுக்குப் பேரு நேர்ச்சையாடி?" என்றாள். சாப்பிடுகிற நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டாள்.

அவளோடு வாதாடிப் பிரயோசனமில்லை. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து க்ளினிக்குக்குச் செய்தி அனுப்பினேன். ஈஸ்டர் முடிந்ததும் இரண்டு டோக்கன் வேண்டும், ஒன்று என் முதுகுக்கு, இன்னொன்று லில்லி அக்காவின் இரண்டு முட்டிக்கும். கூட வருபவர் யார் என்று பதிலில் கேட்டார்கள். என் டோக்கனுக்கு அவள் பெயரையும், அவள் டோக்கனுக்கு என் பெயரையும் எழுதினேன்.

அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேர்ந்துவிட்டாயிற்று.